படுதா கட்டிய ஜெனரேட்டர்

மத்திய அந்தமானில் சாலை போட்ட காலத்தில் என் வீட்டுக்காரர் ஓவர்சியர். எங்கள் வீடு ஒரு பழைய லாரி. பின்பக்கப் பெட்டிக்குள் கட்டிலும் அடுப்பும் வைத்து, சாலை நீள நீள நாங்களும் நகர்ந்தோம். லாரிக்கு அடியில் ஒரு சின்ன ஜெனரேட்டர். மழைக்குக் கதவை அடைத்தால் உள்ளே வேகும். எனக்காகத்தான் பகலிலும் ஃபேன் ஓடியது. மெஷின் நனையக்கூடாதென்று அவர் சுற்றிலும் படுதா கட்டினார்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் எனக்குத் தலை பிளந்தது, வாந்தி வந்தது. அந்தக் காட்டில் தலைவலி என்றால் மலேரியாதான். காய்ச்சல் இல்லையே என்றேன் அவரிடம்.

"உள்காய்ச்சலா இருக்கும். மாத்திரையைப் போடு."

மூன்று வாரம் அந்தக் கசப்பை விழுங்கினேன்.

பிறகு கப்பல் வராமல் டீசல் தீர்ந்தது. இரண்டே நாளில் எழுந்து மீன் குழம்பு வைத்தேன். மாத்திரை கேட்டுவிட்டதென்று அவருக்குச் சந்தோஷம். டீசல் வந்து மெஷின் ஓடிய அன்றே மறுபடி தலைவலி. குனிந்து தரைப் பலகை இடுக்கில் மோந்து பார்த்தேன். புகை முழுக்க உள்ளேதான் வந்துகொண்டிருந்தது. கத்தியை எடுத்துப் போய்ப் படுதாவை அறுத்தெறிந்தேன்.

சாயங்காலம் வந்தவர் நனைந்த மெஷினைப் பார்த்தார். "இது கெட்டுப்போனா ஆபீசுக்கு யார் ஜவாப் சொல்றது?"

"நான் செத்திருந்தா எந்த ஆபீசுக்குச் சொல்லியிருப்பீங்க?"

மறுநாள் மெஷினை இருபதடி தள்ளி வைத்து, தனிக் கூரை போட்டு, புகைக்குழாயைக் காட்டுப் பக்கம் திருப்பினார். ஆனால் கடைசிவரை, யார் கேட்டாலும், "அவளுக்கு அங்க மலேரியா வந்துச்சு" என்றுதான் சொன்னார்.