மெராந்திக் கன்று எடுக்கப் போன நாள்

தொண்ணூறுகளில், அழிந்துவரும் காட்டு மரங்களைக் காக்கும் ஒரு நர்சரியில் வேலை பார்த்தேன். செடிகளோடு மட்டுமே பேசிப் பழகியதால், என் ஜோக்குக்கு எல்லாரும் சிரிப்பார்கள் என்று நம்பியிருந்தேன்.

டுரியான் துங்கால் என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டை விற்றுவிட்டார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் நின்ற மெராந்தி என்ற காட்டு மரத்தை வெட்டுவதற்குள், அதன் அடியில் முளைத்த கன்றுகளை எடுத்துவர என்னை அனுப்பினார்கள்.

முதல் கன்றைத் தோண்டும்போதே லயத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். பால்மரம் சீவும் ஓர் அக்கா என் வாளியை எட்டி உதைத்தார்.

"யாரைக் கேட்டுடா தோண்டுற?"

"காப்பாத்தத்தான்க்கா. நர்சரில நிழலு, தண்ணி எல்லாம் ரெடி. என் பொண்டாட்டிகூட என்னைய அப்படிப் பாத்துக்க மாட்டா லா," என்று இளித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை.

"செடிக்கு எடம் பாத்துட்டீங்க. எங்களயும் அடுத்த மாசம் காலி பண்ணச் சொல்லிட்டானுங்க. எங்கள எந்த நர்சரில வைப்ப? சொல்லு லா!"

கவிழ்ந்த வாளியை நிமிர்த்தி வைத்தேன்.

"தோண்டிக்கிட்டுப் போ. அதுவாவது பொழைக்கட்டும்," என்று அக்கா காறித் துப்பிவிட்டுப் போனார்.

கன்றுகள் பிழைத்தன. ஒவ்வொன்றுக்கும் பெயரும் வந்த ஊரும் எழுதி அட்டை கட்டினேன். அந்த அக்காவின் பெயரை மட்டும் நான் கேட்கவே இல்லை.