பிரேக்கோடு சேராத வயர்

போன மாதம் ஒரு ஞாயிறு. தெல்தோட்டையிலிருந்து என் தங்கை செல்வியின் சாமான்களை ஏற்றிவர வேண்டியிருந்தது. கண்டியில் ஒரு புடவைக் கடையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வாடகை லொறி எதற்கு? கெலிஓயாவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் என் நண்பன் நஸீரிடம் பழைய அமெரிக்க பிக்அப் இருக்கிறதே!

அவனுடைய வாப்பா காலத்து வண்டி. அண்மையில்தான் அதற்கு ஓட்டோ கியர்பொக்ஸ் மாற்றியிருந்தான். அலுமாரியை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியெல்லாம் அதே பேச்சு. அதில் 'லொக்-அப்' என்று ஒன்று உண்டாம். சீராக ஓடும்போது என்ஜினையும் கியர்பொக்ஸையும் நேராகப் பிணைத்துவிடும், பெற்றோல் மிச்சம். பிரேக் மிதித்ததும் அந்தப் பிடி விட வேண்டும். விடாவிட்டால் என்ஜின் திணறி நின்றுபோகும்.

"மிதிச்சா தானா விட்டுருமா?" என்று கேட்டேன்.

"அதுக்கு வேண்டிய வயர் இன்னும் போடல்ல மச்சான். பிரேக் ஸ்விட்ச் வழியா எடுக்கணும். இப்போதைக்கு டேஷ்போர்ட்ல ஒரு ஸ்விட்ச் வெச்சீக்கிறேன். கையாலயே ஆஃப் பண்ணிக்குவேன்."

இடப்பக்க ஜன்னலோரம் இருந்த செல்வி சிரித்தாள். "மறந்துறாதீங்க அண்ணே!"

அவன் மறக்கவில்லை. ஆனால் இறக்கத்தில் ஒரு வளைவு... எதிரே பஸ். அந்த நேரத்தில் கை ஸ்விட்சையா தேடும்? கால் பிரேக்கை மிதித்தது.

என்ஜின் நின்றது. வண்டி நிற்கவில்லை.

பஸ் உரசாமல் போய்விட்டது. நாங்கள் உருண்டுகொண்டிருந்தோம். ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் என்ஜின் தரும் பலம் போய்விட்டது. ஸ்டியரிங் இறுகிவிட்டது. மறுபடி மிதித்தபோது பிரேக் பெடல் கல்லைப் போல அசைய மறுத்தது. வலப்பக்கம் பள்ளம். "யா அல்லாஹ்!" என்று கத்தியபடி நஸீர் முழுப் பலத்தோடும் மலைப்பக்கம் திருப்பினான்.

பாறையில் மோதியது செல்வி இருந்த பக்கம்.

காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். நடப்பாள் என்கிறார் டொக்டர். நாள் முழுக்க நிற்கிற வேலை மட்டும் இனி முடியாதாம். கடையில் வேறு பெண்ணை எடுத்துவிட்டார்கள்.

யோசித்துப் பார்க்கிறேன். வண்டியை ஓட வைக்கிற வயரை நாம் எல்லாருமே முதல் நாளே போட்டுவிடுகிறோம். நிறுத்துவதற்கான வயர்தான் எப்போதும் 'அடுத்த வாரம்'. வண்டியில் மட்டுமா?

பிரேக் ஃபெயில் என்று நஸீர் சொல்லியிருக்கலாம். அந்தப் பழைய வண்டியைக் குடைந்து பார்க்க யார் இருக்கிறார்கள்? அவன் சொல்லவில்லை. என் முன்னாலேயே பொலிஸ்காரரிடம் சிங்களத்தில் சொன்னான்: "பிரேக்கில் பிழையில்லை சேர். போட வேண்டிய வயரை நான்தான் போடவில்லை."

அவனை வெறுக்கவும் முடியவில்லை. முகம் பார்த்துப் பேசவும் முடியவில்லை.

தினமும் நோயாளர்களைப் பார்க்கும் நேரத்தில் வார்ட் வாசல் வரை வருகிறான். பழப் பையை நர்ஸிடம் கொடுக்கிறான். சுவரோரம் நிற்கிறான்.

"அவர உள்ள வரச் சொல்லுங்கண்ணே... பாவம்," என்கிறாள் செல்வி.

தலையாட்டுகிறேன். இன்னும் கூப்பிடவில்லை.