கையில் கத்தி, எதிரே ஷிஃபாவின் படம்

மீமிசலில் பவுசியா தன் வீட்டுக் கத்தி, அரிவாள்மனை எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள். மகள் ஷிஃபா கைக்குழந்தை. அவளைத் தூக்கும்போதெல்லாம், ‘இவளை வெட்டிவிடுவாய்’ என்றொரு எண்ணம் மண்டைக்குள் பாயும். ஓடிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். மறுபடியும் போய் இழுப்பாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களே.

மதுரை டாக்டர் அருணாவிடம் மட்டும் சொன்னாள்.

“வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து வதைக்கிற ஓசிடிங்கிற நோய்ம்மா இது. இப்படிப் பயந்து நடுங்குறீங்களே, அதுவே நீங்க அதை விரும்பலைங்கிறதுக்கு அடையாளம்” என்றார் டாக்டர். மாத்திரைகளை மாற்றிப் பார்த்தும் கேட்கவில்லை. தலைக்கு வெளியே காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டும் சோதனைச் சிகிச்சையில் சேர்த்தார். பலன் உறுதியில்லை என்பதையும் மறைக்கவில்லை.

ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்திருந்த கணவன் அன்வர் பாட்சாதான் கூட்டிப்போனான். மதுரையிலேயே குழந்தையோடு ரூம் எடுத்துத் தங்கினார்கள். சிகிச்சை தீராத தலைவலிக்கு என்றே அவன் நம்பியிருந்தான்.

சுருளை இயக்குமுன் அந்தப் பயத்தைக் கிளப்ப வேண்டுமாம். டாக்டர் காய் நறுக்கும் கத்தியை அவள் கையில் கொடுத்து, ஷிஃபாவின் படத்தை எதிரே வைத்தார். பவுசியா கத்தியைப் படத்திலிருந்து விலக்கிப் பிடித்தாள்.

அந்நேரம் கதவு திறந்தது. அழுகிற குழந்தையோடு அன்வர் நின்றான்.

“கத்தி எதுக்கு?”

டாக்டர் வாயெடுப்பதற்குள் பவுசியாவே சொன்னாள். “புள்ளைய வெட்டிப்புடுவேனோன்னு பயமா வருது மச்சான். பெத்ததுலேருந்து. எங்கிட்டேருந்து இவளப் பிரிச்சுறாதீங்க.”

அவன் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டு வெளியேறினான்.

சுருள் நெற்றிமேட்டில் டக்டக்கென்று அடித்தது. தலையை அசைக்கக் கூடாது. அவன் இருக்கிறானா, ஊருக்கே போய்விட்டானா?

வெளியே வந்தபோது தண்ணீர்க் குழாயருகே நின்றிருந்தான். கண் சிவந்திருந்தது. “தெனம் போன்ல பேசுனோமே, ஒரு வார்த்த சொல்லலையே.” குழந்தையை மட்டும் கொடுக்கவில்லை. ரூம்வரை அவனே தூக்கி வந்தான்.

மறுநாள் டாக்டரிடம் தனியாக வெகுநேரம் பேசினான். அதன்பிறகு பால் கொடுக்க மட்டும் பிள்ளையைத் தந்தான், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

வாரங்கள் போயின. சிகிச்சை முடிந்து மீமிசல் திரும்பினார்கள். எண்ணம் வராமலில்லை. வந்தாலும் முன்போல் கழுத்தைப் பிடித்து உலுக்கவில்லை. பூட்டுப் பக்கம் போகாமலே சில நாள் கழிந்தது.

லீவு முடிந்து அன்வர் கிளம்பும் காலையில், அவன் சொல்லி விஷயம் தெரிந்திருந்த அக்கா வந்து, “புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன் தம்பி, எதுக்கு வம்பு?” என்றாள்.

பவுசியா அன்வரின் முகத்தைப் பார்த்தாள்.

“வேணாக்கா. அவ உம்மாகிட்டயே இருக்கட்டும்” என்று சொல்லி, தோளில் கிடந்த ஷிஃபாவை எடுத்து அவளிடம் நீட்டினான். ஒரு கணம் பிடியை விடவில்லை. பவுசியா வாங்கிக்கொண்டாள்.