இடப்பக்கம் மட்டும் இருட்டு

தென்காசி மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருக்கும் கோமதிசங்கரைப் பற்றி மேலகரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எந்தத் தெருவில் கரண்ட் போனாலும், மனிதர் கம்பத்தை அண்ணாந்து பார்த்தே பழுது எங்கே என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவரை ஒரு பழைய ஃபிலிம் கேமராவும் அதன் ஃப்ளாஷும் சேர்ந்துகொண்டு இரண்டு மாதம் மண்டை காயவைத்த கதை இது.

கேமரா, செங்கோட்டையில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. இடது கையால் ஃபிலிம் சுற்ற வேண்டிய விசித்திரப் பிறவி. கூடவே சோப்புப் பெட்டி அளவில் ஒரு ஃப்ளாஷ், இரண்டையும் இணைக்க ஒரு சுருட்டை வயர். பேட்டரி போட்டால் கீ... என்று கொசு மாதிரி முனகும். சின்ன விளக்கு எரிந்தால் தயார் என்று அர்த்தம். முதல் ஃபிலிமை குற்றாலத்தில் ஐந்தருவிப் பக்கம், வெயில் அடித்த நேரமாகப் பார்த்து எடுத்தார். அத்தனை படமும் பளிச்சென்று வந்தன.

ஆனால் அவர் அதை வாங்கியது அருவிக்காக அல்ல, மனைவி ஸ்ரீவித்யாவுக்காக. போன வருடம் அவளுக்கு மார்பில் கட்டி. கீமோ முடிந்து உடம்பு தேறி, முடியும் விரற்கடை அளவு வளர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாண வீட்டில் நாத்தனார் அவளை செல்போனில் படம் பிடித்து சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டாள். எண்பது பேர் அழுகிற இமோஜியாக அனுப்பித் தள்ளிவிட்டார்கள். உயிரோடு இருக்கிறவளுக்கு இரங்கல் கூட்டமா! அன்றிலிருந்து யாராவது போனைத் தூக்கினாலே ஸ்ரீவித்யா எழுந்து போய்விடுவாள்.

"இதுல எடுத்தா குரூப்புல போட முடியாதுல்லா?" என்று கேமராவைக் காட்டிக் கேட்டாள்.

"முடியாதுட்டி. சென்னைக்குக் கூரியர்ல போயி, பிரிண்டாத்தான் திரும்பி வரும்."

"அப்போ நம்ம கல்யாண நாளுக்கு எடுங்க. ரெண்டு பேரும் சேந்து."

கல்யாண நாளன்று பட்டு கட்டி, முறைப்படி அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். அவர் டைமரைத் திருகிவிட்டு ஓடிவந்து பக்கத்தில் உட்கார, ஃப்ளாஷ் வீட்டையே வெளுக்க அடித்தது. எட்டுப் படம்.

பதினைந்து நாள் கழித்து உறை வந்தது. எட்டிலும் கோமதிசங்கர் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அவள் இருந்த பக்கம் மட்டும் கறுப்பு. சேலை நுனிகூடத் தெரியவில்லை.

ஸ்ரீவித்யா எட்டையும் பார்த்தாள். "நான் இருக்க மாட்டேன்னு சொல்லுதோ?" என்றாள்.

அவர் படங்களை வாங்கி உறைக்குள் திணித்தார். பழுதைத் தேட ஆரம்பித்தார். வயரை மாற்றினார், பேட்டரியை மாற்றினார், முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ஷட்டர் வேகம் வைக்கிற திருகை மட்டும் தொடவே இல்லை. அருவியில் 125-இல் வைத்துத்தானே நன்றாக வந்தது? ஓடுகிற லைனில் கை வைக்கக் கூடாது என்பது முப்பது வருட சர்வீஸில் ஊறிப்போன பழக்கம்.

இரண்டாவது முறையும் அவள் பக்கம் இருட்டு. வெளிச்சம் பட்டு அவள் கண் கூசியதை அவரே பார்த்தார். பட்ட வெளிச்சம் எங்கே போய்த் தொலைந்தது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது மனிதருக்கு.

மூன்றாவது முறை, "நீ இந்தப் பக்கம் வா" என்று அவளை வலப்பக்கம் உட்காரவைத்தார்.

"பொண்டாட்டி இடப்பக்கம்லா உக்காரணும்?"

"சொன்னதைக் கேளுட்டி."

அந்த உறை வந்தபோது ஸ்ரீவித்யா முழுசாக இருந்தாள். குட்டை முடி, மூக்குத்தி, லேசான சிரிப்பு, எல்லாம் இருந்தன. அவர்தான் இல்லை. இருட்டிலிருந்து நீண்ட நாலு விரல் மட்டும் அவள் கையைப் பிடித்திருந்தது.

"பாத்தியா, எவ்வளவு லெட்சணமா இருக்கே!" என்றார் பூரித்துப்போய்.

அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டன. "இருட்டு அங்கனதான் விழும்னு தெரிஞ்சேவா போயி உக்காந்தீய?"

"வேற வழி எனக்குத் தெரியலையே, வித்யா."

கேமராவை வெடுக்கென்று பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எல்லா நம்பரும் வெள்ளையா இருக்கு. அறுவது மட்டும் ஏன் செவப்பு? நீங்க எதுக்கு நூத்தி இருவத்தஞ்சுல வச்சிருக்கீய?"

"அருவியில அதுலதான நல்லா வந்துச்சு?"

"அங்கன வெயிலு. ஃப்ளாஷா போட்டீய?"

அவர் கேமராவைத் திரும்ப வாங்கினார். ஃபிலிம் இல்லாத கேமராவின் முதுகைத் திறந்து சுவரைப் பார்க்க வைத்து, உள்ளே கண்ணை வைத்துக்கொண்டு பட்டனை அமுக்கினார். 125-இல் ஃப்ளாஷ் அடிக்கும்போது உள்ளே இருக்கிற கறுப்புத் திரை பாதி மூடிவிட்டிருந்தது. 60-இல் முழுசாகத் திறந்திருந்தது; அந்தச் சிவப்பு ஃப்ளாஷுக்கான அடையாளம். அட கண்றாவியே! பழுது லைனிலும் இல்லை, விதியிலும் இல்லை, அவர் விரலுக்கடியில் இருந்திருக்கிறது.

நாலாவது முறை ஸ்ரீவித்யா இடப்பக்கமே உட்கார்ந்தாள். இரண்டு பேரும் பளிச்சென்று வந்தார்கள். அவள் அந்தப் படத்தை செல்போனில் பிடித்துத் தானே குரூப்பில் போட்டாள்.

"போடக் கூடாதுன்னுதான இவ்வளவு பாடு?" என்று விழித்தார் கோமதிசங்கர்.

"நானா போட்டா அது வேற."

பிறகு மூன்றாவது உறையை எடுத்து, யாருக்கும் காட்டாமல் பீரோவில் கூறைப்புடவைக்கு அடியில் வைத்தாள்.

"அதை எதுக்கு வைக்கே? அதுல நான் இல்லையேட்டி."

"அதுலதான் இருக்கீய" என்று சொல்லி அவள் பீரோவைப் பூட்டினாள்.