பானைக்குள் ஒரு லைட்

காயலான் கடைக்குப் போகாதே என்று என் கணவர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். வில்லியனூரிலிருந்து கரிக்கலாம்பாக்கம் போகிற வழியில் அந்தக் கடை இருக்கிறது. டவுனில் பழைய வீடுகளை இடித்தால் கதவு, ஜன்னல், தாழ்ப்பாள், குழாய் எல்லாம் வண்டி ஏறி அங்கேதான் வந்து இறங்கும். வேலை முடிந்து ஸ்கூட்டியில் கிளம்புகிறவள் ஒழுங்காக வீடு வந்து சேரவேண்டியதுதானே. என்னால் முடியாது. அந்தக் குவியலை ஒரு முறை கிளறிப் பார்க்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

சித்திரை மாதம் ஒரு சாயங்காலம் அப்படிக் கிளறியபோதுதான் அது அகப்பட்டது. ஒரு பித்தளைக் குழாயை எடுக்கப் போனேன், அதன் அடியில் வெள்ளையாக ஒரு பீங்கான் பில்லை கிடந்தது. உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் வழவழவென்று இருந்தது. மறுபக்கம் சுற்றிலும் கரை எழும்பியிருந்தது. கரையில் ஓரிடத்தில் மட்டும் ஒரு வெட்டு. உடைசல் என்றுதான் முதலில் நினைத்தேன். விரலால் தடவிப் பார்த்தால் வெட்டுக்குள்ளும் மெருகு ஓடியிருந்தது. உடைந்த இடத்தில் மெருகு இருக்காது. ஆக, யாரோ வேண்டுமென்றே வைத்த வெட்டு அது.

கடைக்காரரிடம் நீட்டி, “இது இன்னாண்ணே?” என்றேன்.

“யாருக்குத் தெரியும். பீங்கான் எனக்கு எடைக்கு ஆவாதும்மா. கொழாயோட சேத்து எட்த்துகினு போங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்தேன். வழவழப்பான பக்கத்தில் நீல நிறத்தில் எழுத்துகள் தெரிந்தன. முன்பாதி தேய்ந்து போயிருந்தது. கடைசி நான்கு எழுத்துகள் மட்டும் மிச்சம். எல், ஏ, ஐ, டி.

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவு மேசை என்னுடையது. நாள் முழுக்கப் பெயர் எழுதிக் கொடுப்பதுதான் வேலை. அதனாலோ என்னவோ, பெயர் தெரியாத ஒன்று வீட்டில் கிடந்தால் எனக்குப் பல்லிடுக்கில் நார் மாட்டிய மாதிரி இருக்கும். கணவரிடம் கொண்டுபோய் நீட்டினேன். போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, “ஏதோ கிச்சன் சாமான்” என்றார். பார்க்காமலே எப்படிச் சொல்கிறீர்கள் என்று சண்டை பிடித்தேன். பார்த்தார். “கிச்சன் சாமான்தான்” என்றார். இவரிடம் கேட்டதே தப்பு என்று எடுத்து வைத்துவிட்டேன்.

அலுவலகத்துக்கும் கொண்டுபோனேன். கற்பூரத் தட்டு என்றார்கள், கொசுவத்தி ஸ்டாண்டு என்றார்கள். கொசுவத்தியை நிறுத்தியும் பார்த்தேன், நிற்கவில்லை.

அந்தச் சமயத்தில் என் தம்பி பாகூரில் வீடு கட்டி முடித்திருந்தான். வயரிங் நடந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்கப் போனவள் எலக்ட்ரீஷியனிடம் பில்லையைக் காட்டினேன். மனுஷர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை.

“பழைய வூட்ல எல்லாம் லைட்டு ஃபிட்டிங் பீங்கான்லதாங்க இருக்கும். இது பல்புக்குப் பின்னால வைக்கிறது. ஒயர் இந்த வெட்டு வழியா வரும். எழுதியே கீது பாருங்க, லைட்டுன்னு.”

“லைட்டுக்கு ஸ்பெல்லிங் அது இல்லியே.”

“அந்தக் காலத்து ஸ்பெல்லிங்குங்க” என்றார். “பால் காச்சற அன்னிக்கி எடுத்தாங்க. வாசல் லைட்டுக்குப் பின்னால வச்சுத் தரேன், அழகா இருக்கும்.”

எனக்குப் பரம சந்தோஷம். பெயர் கிடைத்துவிட்டது, அதுவும் தம்பி வீட்டு வாசலிலேயே மாட்டப் போகிறார்கள்.

ஆனால் பால் காய்ச்சும் அந்த நாளை நினைத்தால் பயமாக இருந்தது. புது வீட்டில் பால் காய்ச்சுவது உடன்பிறந்தவளின் உரிமை. தம்பிக்கு நான் ஒருத்திதான் அக்கா. சிக்கல் என்னவென்றால், எட்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாவில், கணவருக்கு அக்கா தங்கை இல்லாததால் நானே பானையில் ஊற்றிய பால் பொங்காமல் திரிந்துவிட்டது. பாக்கெட் பால் கெட்டிருந்தது, அவ்வளவுதான். அம்மா போனபிறகு குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிற எங்கள் சித்தி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். எனக்குக் கைராசி இல்லை என்று சொந்தபந்தம் முழுக்கப் பரவிவிட்டது. அன்றிலிருந்து விசேஷ வீடுகளில் எனக்கு வெங்காயம் உரிக்கும் வேலைதான். பால் பக்கம் விடமாட்டார்கள். வெளியே சிரித்தாலும் உள்ளுக்குள் வலித்தது.

இப்போதும் சித்தி தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். “இவ காச்சனா திரிஞ்சிதான் போவும்டா. உன் பொண்டாட்டி வூட்ல யாரையாவது காச்சச் சொல்லு.”

என் தம்பி அதிகம் பேசமாட்டான். அன்றைக்குப் பேசியிருக்கிறான். “எங்க அக்காதான் காச்சணும். இல்லன்னா பாலே வாணாம்.”

அவன் வைத்த நம்பிக்கை பொய்த்துவிடக்கூடாது. பத்து வருஷம் ராப்பகலாக உழைத்துக் கட்டிய வீடு. அதில் முதல் பால் என் கையில் பொங்கவேண்டும். வாரம் முழுக்க எனக்கு இது ஒன்றுதான் நினைப்பு.

வைகாசியில் நாள் குறித்தார்கள். காலை ஏழரைக்குள் பால் பொங்கவேண்டும் என்று ஐயர் சொல்லியிருந்தார். பாக்கெட் பாலை நம்பாமல் கறந்த பாலுக்குச் சொல்லி வைத்தேன். அக்கா சீராகப் புதுப் பித்தளைப் பானை வாங்கினேன், வயிறு பெருத்து வாய் குறுகின பானை. பீங்கான் பில்லை வழியில் உடையாமல் இருக்க அதை ஒரு துணியில் சுற்றிப் பானைக்குள் போட்டுக்கொண்டேன். அங்கே போனதும் எடுத்து எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பதாக எண்ணம்.

போனதும் எல்லாம் மறந்துவிட்டது. சீர்த்தட்டு, மாலை, வந்தவர்களுக்கு வாங்க வாங்க. சமையலறையில் மூன்று செங்கல்லை அடுக்கி அடுப்பு வைத்துக்கொண்டே கணவரிடம், “பானையைக் கழுவி, பால் ஊத்தி எடுத்துக்கிட்டு வாங்க” என்று ஏவினேன். அவர் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். பானையைக் கொண்டுவந்து கொடுத்தார். மஞ்சள் கொத்து கட்டி அடுப்பில் ஏற்றிக் கற்பூரத்தால் தீ மூட்டினேன்.

முப்பது பேர் சுற்றி நின்றார்கள். பால் சூடாகி ஆவி வந்தது. ஓரத்தில் நுரை கட்டியது. இதோ வந்துவிட்டது என்று எல்லாரும் ஒரு அடி முன்னால் வந்தார்கள்.

டொக்.

பானைக்குள்ளிருந்துதான் சத்தம். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் டொக். பிறகு டொக்டொக்டொக் என்று நிற்காமல் அடித்தது. பால் கொதிக்கிறது, நுரை எழும்புகிறது, எழும்பிய நுரை அப்படியே அமுங்கிவிடுகிறது. நான் சுள்ளியை இன்னும் தள்ளினேன். சத்தம்தான் கூடியது. பால் வாய்க்கு வரவே இல்லை.

“பானை வெடிக்கப் போவுதுடி” என்றாள் சித்தி. பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, “நான் அப்பவே சொன்னேன்” என்றாள்.

ஐயர் மணியைப் பார்த்தார். நான் குனிந்து அடுப்பை ஊதினேன். புகையில் கண் எரிந்தது, அது புகையா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. தம்பி என் பக்கத்தில் குந்தி, “வுடுக்கா, வரும். இன்னா அவசரம்” என்றான். குரல் தைரியமாக இருந்தது. நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது.

என்னதான் ஆயிற்று என்று முந்தானையால் ஆவியை விலக்கிவிட்டுப் பானைக்குள் எட்டிப் பார்த்தேன்.

பாலுக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஒன்று எழுந்து, ஒரு பக்க விளிம்பை மட்டும் வெளியே காட்டிவிட்டு, டொக்கென்று விழுந்தது. எழுந்தது, விழுந்தது. விழும்போதெல்லாம் ஒரே இடத்திலிருந்து பெரிய குமிழி கிளம்பி வந்து பொங்க வந்த நுரையை உடைத்தது. என் பில்லை. அந்த வெட்டு எதற்கு என்று அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. பால் பொங்கி வழியாமல் காவல் காப்பதற்கென்றே செய்த சாமான் அது. ஒரு மாதமாக ஊரெல்லாம் கேட்டு அலைந்த விடை, அது தெரியவே கூடாத இடத்தில், அந்த நேரத்தில் தெரிந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னச் சிரிப்பில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு செங்கல் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து சிரித்தேன். சித்தி, “இவளுக்கு இன்னா ஆச்சி?” என்று மார்பில் கை வைத்துக்கொண்டாள்.

“கரண்டி குடுடா” என்றேன் தம்பியிடம். நீளக் கரண்டியை விட்டுத் துழாவி, பில்லையை ஓரமாகச் சாய்த்துத் தூக்கி வெளியே எடுத்தேன். அவ்வளவுதான். அதுவரை அடங்கிக் கிடந்த பால் ஒரே மூச்சில் எழும்பி, கிழக்கு மேற்கு பார்க்காமல் நாலு பக்கமும் வழிந்தது. அடுப்பு நனைந்தது, கோலம் நனைந்தது, என் பட்டுப்புடவை நனைந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். மணி ஏழு இருபத்தைந்து. தம்பி என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகுதான் விசாரணை. “பானைக்குள்ள இருந்துச்சு. பானையோட சாமான்னு நினைச்சேன். துணிய எடுத்துட்டு, கழுவித் திரும்ப உள்ளயே போட்டேன்” என்றார் கணவர். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவர் சொன்னதில் தப்பே இல்லை என்று பட்டதும் மூடிக்கொண்டேன்.

தம்பி மனைவி பில்லையைக் கழுவி எடுத்து வந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவள். எழுத்தைப் பார்த்ததும், “இது லைட்டு இல்லக்கா. லேன்னு படிக்கணும். பிரெஞ்சுல பாலு” என்றாள்.

இதில் எனக்குத்தான் அசிங்கம். எங்கள் அலுவலகத்தில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்துப் பதிவேடுகள் பிரெஞ்சில்தான் இருக்கின்றன. பிறப்பு, இறப்பு, கல்யாணம், மூன்றுக்கும் எனக்கு வார்த்தை தெரியும். பால் அதில் வராது. வாசலில் ஒயரோடு காத்திருந்த எலக்ட்ரீஷியன் உள்ளே வந்து கேட்டுவிட்டு, “அப்ப லைட்டுக்கு இன்னா பண்றது?” என்றார்.

இப்போது பில்லை என் பால் சட்டியில்தான் இருக்கிறது. காலையில் அது டொக்டொக்கென்று அடிக்கும்வரை நான் நிம்மதியாகப் பேப்பர் படிக்கிறேன். சட்டியைக் கடந்து போகும்போதெல்லாம் என் கணவர், “கிச்சன் சாமான்” என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

ஆடி கடைசியில் சித்தி போன் செய்தாள். அரியாங்குப்பத்தில் அவள் மகள் வீடு கட்டிக்கொண்டிருந்தாள், அது முடிந்துவிட்டதாம். மகளுக்கு நான் பெரியம்மா பெண், அக்கா முறை.

“ஆவணியில வச்சிருக்கோம்டி. நீதான் வந்து காச்சணும்” என்றாள்.

எட்டு வருஷம் வெங்காயம் உரித்தபோது வராத கண்ணீர் அப்போது வந்தது. அதை மறைக்க, “என் கைல திரிஞ்சிடுமே சித்தி” என்றேன்.

“வாய மூட்றி. நாலு பக்கமும் பொங்குனத நான்தான் பாத்தனே” என்றாள். போனை வைப்பதற்கு முன்னால் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று சொன்னாள்.

“அந்தப் பில்லைய மட்டும் வூட்லயே வச்சிட்டு வா.”