முதலில் எதைப் படிப்பது

முதலில் எந்தக் கம்ப்யூட்டர் மொழியைப் படிப்பது என்று கேட்டவனைச் சைனப் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தினாள். சாக்பீஸை நீட்டினாள். ஆரப்பாளையத்திலிருந்து செல்லூருக்குப் போகும் வழியை, ஊர் தெரியாதவனுக்குச் சொல்வதுபோல் வரிவரியாகக் கரும்பலகையில் எழுதச் சொன்னாள். புதிதாக வருகிற எல்லோருக்கும் இதுதான் முதல் வேலை. அவன் எழுதிய வழியில் பாலம் இல்லை.

“தம்பி, இப்ப நீங்க வைகைக்குள்ள கெடக்கீங்க.”

“தண்ணிதான் இல்லையேக்கா. நடந்துருவேன்.”

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. தண்ணீர் இல்லை என்பது மிஷினுக்குத் தெரியாது என்று சொல்லி, அவனைப் ‘பேசிக்’ மொழி வகுப்பில் சேர்த்துக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, லாட்ஜ் மாடியில் இருக்கிறது சைனப் பாடம் சொல்லும் கம்ப்யூட்டர் சென்டர். வருகிறவர்கள் பேங்க் வேலையை நினைத்துக் கோபோல் கேட்பார்கள். இன்ஜினியரிங் மாணவர்கள் ஃபோர்ட்ரான் என்பார்கள். இரண்டும் அப்புறம் என்பாள். “பேசிக்ல ஒரு வரி தப்புன்னா ஓடுறப்பவே அந்த வரியச் சொல்லி நின்னுரும். மத்த மொழியெல்லாம், முழுசா எழுதி முடிச்ச பெறகு எல்லாத் தப்புக்கும் சேத்து மொத்தமா வையும். புதுசா வாரவங்க மனசு விட்டுருவாங்க.”

பம்பாயில் ஒரு கம்பெனியில் கோபோல் எழுதிக்கொண்டிருந்தவள் அவள். போன வருஷம், அவளைப் பெற்ற அத்தா அப்துல் அலீம் காலைத் தொழுகைக்கு எழுந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். இறந்தவரின் மய்யித்தை நெடுநேரம் வைத்திருக்கும் வழக்கம் இல்லை. அன்று மாலைக்குள் அடக்கம் செய்துவிட்டார்கள். தந்தி கண்டு ரயிலேறிய சைனப் வீட்டுக்குள் நுழைந்தபோது, மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதிக்கொண்டிருந்தார்கள். அவரை அடக்கிய கபர்ஸ்தானுக்குள் பெண்கள் போவதில்லை. மதிலுக்கு வெளியே நின்று, அண்ணன் கைகாட்டிய பக்கத்தைப் பார்த்தாள். பம்பாய்க்குத் திரும்பவில்லை.

போன வாரம் பரவை மார்க்கெட்டில் காய்கறி விற்கும் ஒச்சம்மாள், பி.எஸ்ஸி. முடித்த மகன் மலையாண்டியோடு மாடியேறி வந்தாள். மகன் பாலத்தை விடாமல் எழுதினான். இவ்வளவு சுத்தமாக யாரும் எழுதியதில்லை என்றாள் சைனப். ஒச்சம்மாளுக்கு அதில் சந்தோஷம் வந்ததாகத் தெரியவில்லை.

“எதப் படிச்சா இங்கனக்குள்ளயே வேல கெடைக்கும் தாயி? அவுக அப்பாவும் இல்ல. ஒத்தப் புள்ள.”

“சும்மா இரு ஆத்தா” என்றான் மலையாண்டி.

சைனப் அவன் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி வைத்தாள்.

“எதப் படிச்சாலும், நல்லாப் படிச்சா போயிருவாரும்மா. இங்க அம்புட்டு வேல இல்ல.”

மலையாண்டி தலையைக் குனிந்துகொண்டான். ஒச்சம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு மகனின் முதுகில் கைவைத்து, மிஷினுக்கு முன்னால் கிடந்த நாற்காலியை நோக்கித் தள்ளினாள்.

“போகட்டும். எனக்கு ஒண்ணுன்னா ஓடியாந்துருவான்ல?”

மலையாண்டி உட்கார்ந்து, விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு காத்திருந்தான். சைனப் மிஷினின் உறையை எடுத்தாள். சுவிட்சில் விரலை வைத்தாள். வைத்தபடியே நின்றாள்.