எண் எழுதாத பாஸ்

காலையில் கைப்பேசிக்கு ஒரு செய்தி. தொம்மலூர் சிக்னலில் வெள்ளைக் கோட்டைத் தாண்டி நின்றேனாம், அபராதம். கூடவே என் ஸ்கூட்டரின் புகைப்படம். திட்டுவதற்குக்கூட எதிரில் ஆள் இல்லை. ஆனாலும் அந்தப் பழைய பயம் உடனே வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் அது காக்கி உடையில் வரும். அப்போது பொம்மசந்திராவில் எனக்கு முதல் வேலை. காக்ஸ் டவுனிலிருந்து பஸ் மாறிப் போகவேண்டும். பக்கத்து வீட்டு சாலமன் அங்கிளுக்கும் அங்கேதான் வேலை. அவர் துணையை நம்பித்தான் அப்பா என்னை அனுப்பினார். "ஏதாவது கெட்ட பேர் வந்துச்சு, வேலைய விட்டுட்டு வீட்ல உக்காரு" என்று நிபந்தனை வேறு. அங்கிள் கண்டிப்பானவர். மாத பாஸ் வாங்கினால் அடையாள அட்டை எண்ணை அதில் நாமே எழுதிக்கொள்ளவேண்டும். எழுதாவிட்டால் செல்லாது, அபராதம். "நம்பர் எழுதிட்டியாம்மா?" என்று மாதம் தவறாமல் கேட்பார்.

ஒரு மாதம் அவர் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. ஓசூர் ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி இரண்டு கதவிலும் செக்கிங்காரர்கள் ஏறியபோதுதான் பாஸைப் பார்த்தேன். எண் எழுதும் இடம் காலி, என்னிடம் பேனாவும் இல்லை. பின்னால் ஆண்கள் பக்கம் அங்கிள் நின்றிருந்தார், சட்டைப் பையில் இரண்டு பேனாக்களோடு. கேட்டால் கொடுப்பார், சாயங்காலமே அப்பா காதில் போட்டும் விடுவார். அத்தோடு வேலை போச்சு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்து சீட்டுப் பெண் கவனித்துவிட்டாள். முன்பின் தெரியாதவள். "பென் இல்லப்பா, ஐப்ரோ பென்சில் இருக்கு, சாக்கா?" என்றாள் கன்னடம் கலந்து. போதும் போதும் என்று வாங்கி எழுதினேன். செக்கிங்காரர் எண்ணை விரலால் தேய்த்துப் பார்த்தார், என் புருவத்தைப் பார்த்தார், பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்பாடா என்று திரும்பினால், அங்கிளைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் பாஸிலும் எண் இல்லை! பஸ் கிளம்பியது. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

சாயங்காலம் என் கம்பெனி வாசலில் நின்றிருந்தார். "அப்பாகிட்ட சொல்லாதம்மா. அப்புறம் என்னை நம்பி உன்னை அனுப்ப மாட்டாரு." இவருக்கா இத்தனை நாள் பயந்தோம் என்றிருந்தது. "நான் ஏன் அங்கிள் சொல்றேன்" என்றேன். பென்சில் கதையை மட்டும் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. அந்தப் பயம் எனக்குப் போகவே இல்லை.

இப்போது பாஸ் கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது. எண்ணை அதுவே போட்டுக்கொள்கிறது. அங்கிளும் இல்லை, அப்பாவும் இல்லை. இன்றைய அபராதத்தை உட்கார்ந்த இடத்திலேயே கட்டிவிட்டேன். வீட்டில் சொல்லாதீர்கள் என்று யாரிடமாவது கெஞ்சவேண்டும் போலிருந்தது. சொன்னால் கோபித்துக்கொள்ள வீட்டில் யாரும் இல்லை.